போன் தொலைந்தாலும் சேர்வர் உங்கள் கையில் இருக்க: கொழும்பில் புதிதாக வேலை தொடங்கும் டெவலப்பர்களுக்கு

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ் ஏறினேன். வெள்ளவத்தையில் இறங்கிப் பார்த்தால் பையில் போன் இல்லை. பழைய போன், விலையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அடுத்த பதினொரு நாள் என் மின்னஞ்சலுக்குள் என்னால் போக முடியவில்லை. மின்னஞ்சல் இல்லாததால் வாடிக்கையாளர் தளங்கள் ஓடும் சேர்வரை (எப்போதும் இணையத்தில் இருக்கும் கணினி) வாடகைக்கு எடுத்த கணக்குக்குள்ளும் போக முடியவில்லை. சேர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் சாவி இருந்த மடிக்கணினியை அந்த வாரம்தான் திருத்தக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள், ஒரு டியூட்டரி நடத்துபவரின் பதிவுத் தளம் விழுந்தது. அவர் என் வீட்டுக்கே வந்து நின்றார். அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

யாரும் என்னைத் தாக்கவில்லை. நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைத்து எல்லாப் பூட்டையும் வடிவாகப் பூட்டிவிட்டு, எல்லாச் சாவியையும் ஒரே போனுக்குள் வைத்திருந்தேன். கீழே சொல்லும் வரிசையில் செய்திருந்தால் பதினொரு நாள் ஒரு பின்னேரமாகச் சுருங்கியிருக்கும். கொழும்பில் முதல் வேலைக்கு வந்திருப்பவர்கள், தனியாக வாடிக்கையாளர் வேலை எடுக்கத் தொடங்கியவர்கள், அலுவலகத்தில் திடீரென்று சேர்வர் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும்.

தொடங்குமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை: தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி, கடவுச்சீட்டு இருந்தால் அது, இரண்டு சின்னப் பென்டிரைவ், நல்ல பேனா, நாலைந்து தாள், ஒரு பிளாஸ்டிக் கோப்புறை. செலவு நாலாயிரம் ரூபாவைத் தாண்டாது. கீழே சொல்லும் மென்பொருள்களுக்குக் காசு இல்லை. நேரம்: சிம் அலுவலுக்கு வேலைநாள் காலை ஒன்று, மற்றவற்றுக்கு இரண்டு பின்னேரமும் ஒரு சனிக்கிழமையும்.

1. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாவற்றுக்கும் முதல் இதைச் செய்யுங்கள். ஊரிலிருந்து வரும்போது மாமா, அண்ணா, போர்டிங் வீட்டு அக்கா என்று யாரோ எடுத்துத் தந்த சிம்மையே நம்மில் பலர் வருடக்கணக்கில் பாவிக்கிறோம். என் சிம் மாமாவின் அடையாள அட்டையில் இருந்தது. மாமா இருப்பது மன்னாரில். சேவை நிலையத்துக்குப் போனால், "பதிவில இருக்கிறவர் நேர வரவேணும் தம்பி" என்றார்கள். அது திங்கட்கிழமை போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறை வாரம். மாமா பஸ் ஏறி வந்து சேரப் புதன்கிழமை ஆகிவிட்டது.

பதிவில் இருப்பவர் கொழும்புக்கு வரும் நாள் ஒன்றைப் பிடித்து, இருவரும் மூல அடையாள அட்டையோடு சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேலைநாளில் கடை திறக்கும் நேரத்துக்கே போங்கள். போகுமுன் அழைப்பு நிலையத்துக்கு ஒருமுறை அடித்து, எந்தக் கிளையில் பெயர் மாற்றம் செய்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாக் கிளையிலும் செய்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

அப்புறம் சிம்முக்கு ஒரு பின் இலக்கம் போடுங்கள். திரைப்பூட்டு போனைத்தான் காக்கும். உங்கள் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி (ஒருமுறைக் குறியீடு) முழுக்க அங்கே வரும். பின்னை மூன்று தரம் பிழையாக அடித்தால் பியூகே என்ற திறப்பு இலக்கத்தைக் கேட்கும். அந்த இலக்கம் சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்திருக்கும். அந்த அட்டையைக் கோப்புறைக்குள் வையுங்கள்.

இன்னொன்று: அடையாள அட்டையைப் போன் உறைக்குப் பின்னால் செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். போனோடு அதுவும் போனால் புதிய சிம்முக்குக் காட்ட ஒன்றும் இருக்காது.

2. கணக்குகளில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கட்டும்

தமிழர்களுக்கு இது ஒரு தனித் தலையிடி. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் ஒரு பக்கம், நம் பெயர் மறுபக்கம். வங்கி அட்டையில் முதலெழுத்துகள். மின்னஞ்சலில் பாதிப் பெயர். சேர்வர் கணக்கில், பள்ளிக்கூடக் காலத்தில் வைத்த செல்லப்பெயர். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், வெளிநாட்டில் அடையாளத்தைச் சரிபார்ப்பவருக்குத் தெரியாது.

என் சேர்வர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்டது. பழைய லெமினேட் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் ஆங்கிலம் இல்லை, நிராகரித்தார்கள். கடவுச்சீட்டை அனுப்பினேன். கணக்கில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்று திரும்பவும் நிராகரித்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாளுக்கு மேல் போனது.

ஆகவே காசு கட்டும் கணக்கு எதுவாக இருந்தாலும், சேர்வர், டொமைன், மேகச் சேமிப்பு எல்லாவற்றிலும், பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலோடு ஒரு எழுத்து பிசகாமல் மாற்றுங்கள். வெளியில் தெரியும் புனைபெயர் எப்படியும் இருக்கட்டும், பில் போடும் பெயர் மட்டும் சரியாக இருந்தால் போதும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள் ஆங்கிலமும் உள்ள புதிய அடையாள அட்டைக்கு மாறிக்கொள்வது நல்லது. கடைசி மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளைத் தரவிறக்கிப் பென்டிரைவில் போடுங்கள். கணக்கு என்னுடையது என்று நிரூபிக்கக் கடைசியில் எனக்கு உதவியது ஒரு பழைய பற்றுச்சீட்டும் அட்டையின் கடைசி நாலு இலக்கமும்தான்.

3. கடவுச்சொற்களை ஒரு பெட்டகத்துக்குள் போடுங்கள்

கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் செயலி ஒன்றை எடுங்கள்: பிட்வார்டன் அல்லது கீபாஸ்எக்ஸ்சி. பிட்வார்டனின் இலவசக் கணக்கே ஒரு ஆளுக்குப் போதும், போனிலும் கணினியிலும் ஒன்றாக ஓடும். கீபாஸ்எக்ஸ்சி எல்லாவற்றையும் பூட்டிய ஒரே கோப்பில் வைக்கும். அந்தக் கோப்பைப் பிரதி எடுக்கும் பொறுப்பு உங்களுடையது. எதை எடுத்தாலும் சரி, இரண்டையும் பாதி பாதியாகப் பாவிக்காதீர்கள்.

தலைமைக் கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைத்தால் மனதிலும் நிற்கும், உடைப்பதும் கடினம். அதைத் தாளில் எழுதுங்கள். "எழுதக் கூடாது" என்று பலர் சொல்வார்கள். போர்டிங் அறையின் மேசையில் ஒட்டி வைப்பதற்குத்தான் அது பொருந்தும். ஊரில் அம்மாவின் அலுமாரிக்குள், காணி உறுதி இருக்கும் பைக்குள் ஒட்டிய உறையில் இருக்கும் தாளை இணையத்திலிருந்து எவராலும் எடுக்க முடியாது.

4. இரண்டாம் படிச் சரிபார்ப்பு: போடுங்கள், ஆனால் மாற்று வழியோடு போடுங்கள்

கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு குறியீடும் கேட்பதுதான் இது. கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் 2023இல் இருந்தே கோட் பங்களிப்பவர்களுக்கு இதைக் கட்டாயமாக்கத் தொடங்கிவிட்டது. மற்றவையும் கேட்கின்றன. போடத்தான் வேண்டும். போடும்போது மூன்று காரியத்தைச் சேர்த்தே முடியுங்கள்.

முதலாவது, மீட்புக் குறியீடுகள். கூகுள் கணக்கில் எட்டு இலக்கக் குறியீடு பத்துத் தரும், கிட்ஹப் பதினாறு தரும். வந்தவுடன் அச்செடுங்கள், அல்லது கையால் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுக்காதீர்கள். என் குறியீடுகளின் ஸ்கிரீன்ஷொட் தொலைந்த போனின் கலரியில் இருந்தது. அதன் பிரதி, திறக்க முடியாத அதே கூகுள் கணக்கின் போட்டோஸில் இருந்தது. புதிதாக ஒரு தொகுதி எடுத்தால் பழைய தொகுதி செல்லாது, அதனால் தாளில் திகதியையும் எழுதுங்கள்.

இரண்டாவது, குறுஞ்செய்தியை நம்பாமல் ஒதென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்கம் காட்டும் செயலிதான். செயலிக்குள் பதிந்த இரகசியக் குறியும் நேரமும் சேர்ந்துதான் அந்த இலக்கம் வருகிறது. சிக்னலோ சிம்மோ தேவையில்லை, போனின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்ட்ரொய்டில் ஏஜிஸ் நல்லது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிரதியை அதில் இருந்து வெளியே எடுக்கலாம். எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். கூகுள் ஒதென்டிகேட்டர் கணக்கோடு ஒத்திசைக்கும். ஆனால் அந்த ஒத்திசைவு கூகுள் கணக்கைத் திறந்த பிறகுதான் கிடைக்கும். கூகுள் கணக்கைத் திறக்கவே அந்தச் செயலி தேவை என்றால் வட்டமாகச் சுற்றுவீர்கள். நான் சுற்றினேன்.

மூன்றாவது, கையில் காசு இருந்தால் யூபிகே போன்ற, யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி. அடிப்படை மாதிரி 30 டொலர் அளவில் இருக்கும், அனுப்பும் செலவு வேறு. வாங்கினால் இரண்டு வாங்குங்கள், ஒன்று சாவிக்கொத்தில், ஒன்று வீட்டில். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பொறுங்கள். தாளில் இருக்கும் குறியீடு அதைவிட நம்பகமானது.

பொறி ஒன்று: கிட்ஹப்பில் இரண்டாம் படியும் போய், மீட்புக் குறியீடும் போனால், உதவிக்குழுவால் கூடத் திறந்து தர முடியாமல் போகலாம். முன்பு பாவித்த எஸ்எஸ்எச் சாவியோ, தனி அணுகல் டோக்கனோ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாவிக்கும் நீண்ட குறியீடு), ஏற்கனவே உறுதிசெய்த கணினியோ இருந்தால்தான் மீட்பு விண்ணப்பமே போடலாம். அதைப் பார்க்க மூன்று வேலைநாள் வரை எடுக்கும்.

5. மடிக்கணினி

சிறு அலுவல், ஆனால் என்னை மாட்டியது இதுவும்தான். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு பிட்லொக்கரால் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு) பூட்டியிருக்கும். பம்பலப்பிட்டியில் திருத்தக் கொடுத்த என் கணினிக்கு மதர்போர்ட் மாற்றினார்கள். திரும்பி வந்து திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. அது மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு போனுக்குக் குறியீடு அனுப்புகிறது.

48 இலக்கத்தையும் இன்றைக்கே தாளில் எழுதிக் கோப்புறையில் வையுங்கள். பூட்டை எடுத்துவிட வேண்டாம். வாடிக்கையாளரின் தரவுத்தளப் பிரதி ஒன்று உங்கள் வட்டில் இருந்தால், அதற்குள் ஆட்களின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற நாட்டில் அதைத் திறந்த வட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) பாவிப்பவர்கள் நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் செய்யும் தெரிவைப் போடுங்கள், பிறகு செய்வது பெரும் வேலை.

6. எஸ்எஸ்எச் சாவியைச் சரியாகச் செய்யுங்கள்

எஸ்எஸ்எச் சாவிக்கு இரண்டு பாதி: சேர்வரில் போடும் பொதுச்சாவி, உங்களிடமே இருக்கும் தனிச்சாவி. ஈடி25519 வகைச் சாவி எடுங்கள். கணினிக்கு ஒன்று என்று தனித்தனியாக. குறிப்புப் பகுதியில் கணினியின் பெயரையும் வருடத்தையும் போட்டால், பிறகு சேர்வரில் எந்த வரியை அழிப்பது என்று தடுமாற மாட்டீர்கள். சாவிக்குக் கடவுச்சொற்றொடர் கட்டாயம். ஒவ்வொரு தரமும் அடிக்கத் தேவையில்லை, எஸ்எஸ்எச் ஏஜென்ட் அதை நினைவில் வைத்திருக்கும்.

இரண்டாவது சாவி ஒன்றைச் செய்து, அதன் பொதுப் பாதியையும் சேர்வரில் சேர்த்துவிட்டு, தனிப் பாதியைப் பென்டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால், போனும் கணினியும் இல்லாத அந்த மூன்றாம் நாள், நண்பனின் கணினியில் இருந்து தளத்தை நிறுத்தி எழுப்பியிருப்பேன்.

தனிச்சாவியை வட்ஸப்பில் அனுப்பாதீர்கள். "டெவொப்ஸ் அண்ணா கேட்டார்" என்று ஒருவர் அனுப்பியதை நான் பார்த்தேன். யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியது பொதுச்சாவி மட்டும்தான்.

7. சேர்வரின் கதவைச் சாத்துங்கள், வெளியே நின்று சாத்தாதீர்கள்

புதிதாக எடுத்த உபுண்டு சேர்வர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஐந்து, ஆறு டொலருக்குச் சின்னது கிடைக்கும். பொது முகவரி கிடைத்த சில நிமிடத்திலேயே யாரோ கடவுச்சொல் அடித்துப் பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். அங்கீகாரப் பதிவைத் திறந்து பாருங்கள், 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று வரிசையாக ஓடும். பயப்பட வேண்டாம், எல்லாச் சேர்வருக்கும் இது நடக்கும்.

வரிசை முக்கியம். முதலில் சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கி, சூடோ உரிமை (நிர்வாகக் கட்டளை ஓட்டும் உரிமை) கொடுத்து, சாவியால் நுழைந்து பாருங்கள். கட்டளை அடிக்கும் அந்த முனையச் சாளரத்தைத் திறந்தபடியே விடுங்கள். இரண்டாவது முனையத்தில்தான் மற்ற மாற்றங்களைச் சோதிக்க வேண்டும். எங்காவது பிழை விட்டால் முதல் முனையம் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்து, கடவுச்சொல் நுழைவையும் ரூட் (முழு அதிகாரப் பயனர்) நுழைவையும் நிறுத்துங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதன்மை அமைப்புக் கோப்பில் 'பாஸ்வேர்ட் ஒதென்டிகேஷன்' வரிக்கு 'நோ' போட்டுவிட்டு, முடிந்தது என்று எழும்பிப் போவார்கள். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலையிலேயே வேறு ஒரு கோப்புறையைச் சேர்க்கும் வரி இருக்கிறது. மேகச் சேர்வர்களில் அந்தக் கோப்புறைக்குள் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் (சேர்வரை முதன்முதலில் அமைக்கும் மென்பொருள்) கோப்பு ஒன்று 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். எஸ்எஸ்எச் முதலில் வாசித்ததைத்தான் எடுக்கும், பின்னால் நீங்கள் எழுதிய 'நோ' வெறும் அலங்காரம். எனவே அந்தக் கோப்புறைக்குள்ளும் பாருங்கள். பிறகு 'எஸ்எஸ்எச்டி' கட்டளையைப் பெரிய எழுத்து 'டி' குறியோடு ஓட்டினால், உண்மையில் நடைமுறையில் இருக்கும் அமைப்பு முழுவதும் திரையில் விழும்.

கடைசிச் சோதனை, சாவி இல்லாத வேறு கணினியில் இருந்து நுழைந்து பார்ப்பது. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்து, அதன் பக்கத்து அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ' மட்டும் இருந்தால் சரி. அங்கே 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லும் இருந்தால் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

எந்தப் போர்ட் (இணைப்பு வாசல்) திறந்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் தீச்சுவருக்கு யூஎஃப்டபிள்யூ என்ற கருவி போதும். இயக்குமுன் எஸ்எஸ்எச்சை அனுமதியுங்கள், பிறகு இணையத்தளத்துக்கான 80, 443 போர்ட்டுகளை. உங்கள் வீட்டு ஐபிக்கு மட்டும் எஸ்எஸ்எச் திறப்பது நல்ல யோசனை போலத் தெரியும். கரண்ட் போய் வந்து ரவுட்டர் திரும்ப எழும்பும்போது அந்த ஐபி மாறிவிடலாம். நிலையான ஐபி வாங்காதவர்கள் அதைச் செய்ய வேண்டாம். வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு அதன் வழியாக மட்டும் நுழைவது அதைவிடச் சிறந்த வழி.

டொக்கர் (செயலிகளைத் தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) பாவிப்பவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். டொக்கரில் ஒரு போர்ட்டை வெளியிட்டால் அது யூஎஃப்டபிள்யூவைக் கேட்காமல் நேரே உலகத்துக்குத் திறக்கும். யூஎஃப்டபிள்யூவின் பட்டியலில் 5432 மூடியிருப்பதாகக் காட்டும், வெளியில் இருந்து தட்டினால் உங்கள் போஸ்கிரெஸ் தரவுத்தளம் பதில் சொல்லும். '5432:5432' என்று எழுதாமல் '127.0.0.1:5432:5432' என்று எழுதுங்கள், 127.0.0.1 என்பது அந்தச் சேர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரி. பிறகு போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைந்து போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் என்மாப் கருவியை ஓட்டி, வெளியில் இருந்து எது திறந்திருக்கிறது என்று உங்கள் கண்ணாலே பாருங்கள்.

இன்னொரு கதவும் இருக்கிறது: சேர்வர் நிறுவனத்தின் இணையப்பக்கக் கொன்சோல். எஸ்எஸ்எச் பூட்டிக்கொண்டால் அதுதான் வழி. ஆனால் கொன்சோல் கடவுச்சொல் கேட்கும். சாவியால் மட்டும் உருவாக்கிய பயனருக்குக் கடவுச்சொல்லே இருக்காது. நீளமான ஒன்றை வைத்துப் பெட்டகத்தில் போட்டுவிட்டு, கொன்சோலில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நிறுத்தியிருப்பதால் அதை வைத்து எஸ்எஸ்எச் வழியாக யாரும் நுழைய முடியாது.

தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தல் ஓடுகிறதா என்று பாருங்கள். கேர்னல் (இயங்குதளத்தின் மையம்) மேம்பட்டாலும் சேர்வரை மீளத் தொடக்கினால்தான் பலன், இயல்பில் அது தானாகத் தொடங்காது. மாதம் ஒரு ஞாயிறு அதிகாலை நீங்களே செய்யுங்கள். உபுண்டு 20.04இன் வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. பழைய வேலை ஒன்றைப் பொறுப்பெடுத்தால் முதலில் பதிப்பைக் கேளுங்கள்.

8. கிட்டுக்குள் இரகசியம் போய்விட்டால்

தரவுத்தளக் கடவுச்சொல்லோ கட்டணச் சேவையின் சாவியோ உள்ள சூழல் கோப்பைக் கிட்டுக்குள் (கோட் மாற்றங்களின் வரலாற்றை வைக்கும் கருவி) தவறுதலாகக் கொமிட் செய்துவிட்டீர்கள், அதாவது பதிந்துவிட்டீர்கள் என்றால், அடுத்த கொமிட்டில் அழிப்பதால் எதுவும் ஆகாது, வரலாற்றில் அப்படியே இருக்கும். கிட்-இக்னோரில் (கிட் கவனிக்கக் கூடாத கோப்புகளின் பட்டியல்) பிறகு சேர்ப்பதும் பலன் தராது, ஏற்கனவே பின்தொடரும் கோப்பை அது கண்டுகொள்ளாது. முதலில் சாவியை மாற்றுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வரலாற்றைத் திருத்தும் இரண்டு மணி நேரமும் பழைய சாவியை உயிரோடு விட்டுவைக்கிறார்கள். பொதுக் களஞ்சியம் என்றால் சில நிமிடத்துக்குள் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே கொள்ளுங்கள். கிட்லீக்ஸ் என்ற கருவியைக் கொமிட்டுக்கு முன் ஓடும்படி வைத்தால் பெரும்பாலானவை அங்கேயே பிடிபடும்.

9. பேக்கப்: இருக்கிறது என்று சொல்லாதீர்கள், திறந்து பாருங்கள்

2023 ஆகஸ்டில் நம் அரசாங்கத்தின் மேகக் கட்டமைப்பை ரான்சம்வேர் (தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியது. சேவையை விரைவில் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. ஐயாயிரம் அளவு முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கேயே அப்படி என்றால், ஒரு ஆள் நடத்தும் சேர்வரில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். பதினொராம் நாள் உள்ளே நுழைந்தேன், தளத்தின் தரவுத்தளம் பழுதாகியிருந்தது. பேக்கப் கோப்புறையைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பு, திகதியோடு, வரிசையாக. அளவைப் பார்த்தேன்: 20 பைட். அடுத்த நாளும் 20 பைட். அதற்கடுத்த நாளும். வெறுமையை ஜிஸிப்பால் சுருக்கினால் வருவது சரியாக 20 பைட். நாலு மாதம் முன்பு தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன், ஸ்கிரிப்டில் மாற்றவில்லை. ஏற்றுமதி ஒவ்வொரு இரவும் தோற்று, அதன் பின்னால் இருந்த ஜிஸிப் ஒவ்வொரு இரவும் வெற்றி பெற்று, பிழை எதுவும் இல்லாமல் முடிந்துகொண்டிருந்தது. டியூட்டரிக்காரர் பிள்ளைகளின் பெயரைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நானும் அவரும் இரண்டு இரவு இருந்து திரும்ப ஏற்றினோம்.

ஸ்கிரிப்டின் தலையில் 'பைப்ஃபெயில்' தெரிவைப் போடுங்கள், குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதும் தோற்றதாகும். பிரதி எடுக்க ரெஸ்டிக் என்ற கருவி நல்லது, குறியாக்கம் செய்தே அனுப்பும், மாறியதை மட்டும் சேர்க்கும். அதன் கடவுச்சொல் தொலைந்தால் பிரதியும் தொலைந்தது, எனவே அதுவும் தாளில் இருக்கட்டும். அனுப்ப பேக்பிளேஸ் பி2 போன்ற சேமிப்பில் முதல் 10 ஜிபி இலவசம், சின்னத் தளங்களுக்கு அது தாராளம். சேர்வருக்குள் புகுந்தவரால் அங்கே இருக்கும் பிரதியையும் அழிக்க முடியும் என்பதால், வாரம் ஒருமுறை வீட்டு வட்டுக்கும் ஒரு பிரதி இறக்கி, வட்டைக் கழற்றி வையுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். சேர்வர் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரோனில் '2 மணி' என்று போட்டால் அது கொழும்பில் காலை 7:30, பள்ளிக்கூட நேரம், தளம் நிறைய ஆட்கள் வரும் நேரம். இங்கே அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டுமானால் 20:30 என்று போடுங்கள்.

பேக்கப் வெற்றியாக முடிந்தால் மட்டும் ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைக்கு ஒரு தட்டுத் தட்டச் சொல்லுங்கள். தட்டு வராத நாளில் அது உங்களுக்கு மின்னஞ்சல் போடும். மாதம் ஒருமுறை, ஒரு சோதனைத் தரவுத்தளத்தில் பிரதியைத் திருப்பி ஏற்றி, கடைசியாகப் பதிந்த ஆளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

10. காலாவதியாகும் மூன்று

தளத்தை எச்டிடிபிஎஸ்ஸில் திறக்க உதவும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாளுக்குத்தான். முன்பு காலாவதிக்கு முன் மின்னஞ்சல் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழ் எடுக்கும் கருவியான சேர்ட்பொட் அதைத் தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒத்திகை ஓட்டிப் பாருங்கள். தீச்சுவரில் 80ஐ மூடியிருந்தால் பலருக்கு இங்கேதான் முறியும்.

டொமைனின் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் செத்துவிடும், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்தை யாரும் வாசிக்க மாட்டார்கள். அத்தோடு, டொமைன் வாடிக்கையாளரின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம்.

வங்கி அட்டை: புது அட்டை வந்தால் இலக்கமும் திகதியும் மாறும், வெளிநாட்டுக் கொடுப்பனவை வங்கியில் சொல்லித் திறக்க வேண்டியும் வரலாம். அட்டை முடிகிற மாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

ஒரு வேலையை விட்டு வரும்போது உங்கள் பொதுச்சாவியை அங்கிருந்து நீக்கச் சொல்லி, நீக்கியதாக மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். பழைய சாவி வேலை செய்கிறதே என்று பிறகு உள்ளே போய்ப் பார்ப்பது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வரும்.

11. போன் தொலைந்த நாளில் செய்யும் வரிசை

இந்தப் பகுதியை அச்செடுத்துக் கோப்புறையில் வையுங்கள். போனில் சேமித்தால் பயனில்லை.

அருகில் இருப்பவரின் போனில் இருந்து முதலில் சிம் நிறுவனத்துக்கு அடித்து சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவதாக, கோப்புறையில் இருக்கும் மீட்புக் குறியீட்டால் மின்னஞ்சலுக்குள் போய், தொலைந்த போனைப் பூட்டி, அதில் இருந்து உங்கள் கணக்கை வெளியேற்றுங்கள். பாவித்த குறியீட்டைப் பேனாவால் வெட்டுங்கள், ஒரு குறியீடு ஒரு தரம்தான். மூன்றாவதாக, வங்கிக்கு அடியுங்கள். நான்காவதாக, கிட்ஹப்பிலும் சேர்வர் கணக்கிலும் திறந்திருக்கும் அமர்வுகளை மூடி, போனில் எஸ்எஸ்எச் செயலி வைத்திருந்தால் அதன் சாவியைச் சேர்வரில் இருந்து அழியுங்கள்.

இவை முடிந்த பிறகு பொலிஸ் நிலையம். மூல அடையாள அட்டையும் போனின் ஐஎம்இஐ இலக்கமும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி இலக்கம்) வேண்டும். ஐஎம்இஐ போன் வந்த பெட்டியில் இருக்கும். பெட்டியை எறிந்திருந்தால் இப்போதே *#06# அடித்து, வருகிற இலக்கத்தைத் தாளில் எழுதுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டின் பிரதியை வாங்கி, இரண்டு போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு சிம் சேவை நிலையத்துக்குப் போங்கள்.

புது சிம் வேலை செய்யத் தொடங்கியதும் பழைய குறியீடுகள் எல்லாவற்றையும் புதிதாக எடுத்து, பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் அன்றைய திகதியைப் போடுங்கள்.